எந்த கம்யூனிட்டிக்கான காலேஜ்?

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூரில் இருக்கும் தம்பி செல்வத்தோடு வீடியோவில் பேசுவது என் வழக்கம். எனக்குக் காலை காபி நேரம், அவனுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அவன் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மழை, மாமியார், கம்பெனியில் புதிதாக வந்த மேனேஜர் என்று எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு வந்தான்.

"பாப்பா எந்த காலேஜ்ல சேர்றா?"

பாப்பா என்பது என் மகள் மீனா. பதினெட்டு முடிந்துவிட்டது, ஆனாலும் செல்வத்துக்குப் பாப்பாதான்.

"இங்கதான்டா. கம்யூனிட்டி காலேஜ்."

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "எந்த கம்யூனிட்டி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"இன்னாக்கா சிரிக்கிற? அங்கயும் வந்துட்ச்சா இதெல்லாம்? யாரு நடத்தறாங்க? நம்மாளுங்களா, அவங்களா?"

அப்படி இல்லை, இந்த நாட்டில் கம்யூனிட்டி காலேஜ் என்றால் ஊர்க்காரர்களுக்காக நடத்தும் இரண்டு வருடக் கல்லூரி, எந்த வயதுக்காரரும் சேரலாம், நுழைவுத் தேர்வு கிடையாது என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். கடைசியில், "அவ்ளோ பெரிய யுனிவர்சிட்டில சீட்டு கெட்ச்சிதுன்னு சொன்னியே, அது இன்னாச்சி?" என்றான். காபி ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

சீட்டு கிடைத்தது உண்மை. பத்து மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் இருக்கும் ஒரு நகரம். பெயரைச் சொன்னால் ஊரில் எல்லோரும் புருவம் உயர்த்துகிற பல்கலைக்கழகம். அந்த வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று மீனா பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வரவில்லை என்று முடிவு செய்துவிட்டிருந்தாள். நான் வேலை செய்யும் கம்யூனிட்டி காலேஜில்தான் படிப்பேன் என்றாள்.

ஆமாம், நான் வேலை செய்யும் கல்லூரி. ஒன்பது வருடமாக அங்கே தோல் தைக்கக் கற்றுத் தருகிறேன். அங்கேயே சம்பளம் வாங்கிக்கொண்டு, அது என் மகளுக்கு ஆகாது என்று நினைத்தவள் நான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

2

இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸின் மேற்கு ஓரம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் மெக்சிகோ. ஆறு என்றதும் தண்ணீரைக் கற்பனை செய்யாதீர்கள். பாலாற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கே, இதுதானா உங்கள் ஆறு என்று கேட்கத் தோன்றியது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். தமிழ்க் குடும்பங்கள் பத்தோ பன்னிரண்டோதான், பொங்கல் விழாவில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

செல்வத்தின் கேள்விக்குச் சிரித்தேனே தவிர, அந்த உரிமை எனக்கு இல்லை. அவன் செய்த அதே தவறை நான் இதே ஊரில், ஒரு கவுன்ட்டர் முன்னால் நின்று செய்திருக்கிறேன்.

கம்யூனிட்டி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஐந்தாம் வகுப்பில். டீச்சர் பெரிய பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் எழுப்பினார். பேர், அப்பா பேர், கம்யூனிட்டி. எனக்கு மூன்றாவது தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எனக்காக எழுந்து சொன்னாள். எனக்கே தெரியாத ஒன்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தாலுகா ஆபீசுக்கு எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு நடந்தார் என்று தெரியாது. கடைசியில் என் சாதிச் சான்றிதழோடு வந்தார். பஜாரில் கொடுத்து லேமினேட் செய்தார். எங்கள் வீட்டில் லேமினேட் ஆன முதல் காகிதம் அதுதான். "தொலைச்சிடாத. இது போச்சின்னா எல்லாம் போச்சி," என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நான் பத்தாவதைத் தாண்டியிருக்கமாட்டேன். அதைக் கையில் வைத்திருக்கும்போதெல்லாம் தலை குனிந்தபடி நின்றதும் நான்தான்.

என் வீட்டுக்காரர் நர்ஸ். அவருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வந்தபோது மீனா மடியில் இருந்தாள். அப்போது எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, ஊர் தெரியாது, ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். கம்யூனிட்டி காலேஜில் ஆங்கில வகுப்பு இருக்கிறது என்று அவர்தான் அனுப்பினார். கவுன்ட்டரில் ரோசா என்ற அம்மாள். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, கம்யூனிட்டிக்கு அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார்.

அவருடைய ஆங்கிலம் ஸ்பானிஷ் வாடை, என்னுடையது ஆம்பூர் வாடை. இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஃபைலைத் திறந்து லேமினேட் செய்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். பழக்கம். தலைகூடக் குனிந்துவிட்டது.

ரோசா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "முத்திரை அழகாக இருக்கிறது. இது என்ன?"

"என் கம்யூனிட்டி. அரசாங்கம் கொடுத்தது."

"இதில் உங்கள் வீட்டு விலாசம் இருக்கிறதா?"

"இருக்கிறது. ஆம்பூர்."

அவர் சிரிக்கவில்லை. தன் கைப்பையைத் துழாவி, கசங்கிய தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் வீட்டுக் கரண்ட் பில். இந்த ஊரில் குடியிருக்கிறேன் என்பதற்கு இதைப்போல ஒன்று போதுமாம்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா கோபமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்பா அலைந்த நாட்களை நினைத்துக்கொண்டேன் என்பது மட்டும் தெரியும்.

அதற்காக இது சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றின் மேலிருக்கும் எல்லைப் பாலத்தில் நிற்கும் அதிகாரி கேட்பதும் ஏறக்குறைய அந்த டீச்சர் கேட்டதுதான். இங்கே பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்க்கிறார்கள்.

3

ஆங்கிலம் கற்கப் போனவள், வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகு அங்கேயே தோல் தையல் டீச்சரானேன். என் வகுப்பு காலை ஒன்பது மணிக்கு என்று அட்டவணையில் இருக்கிறது. ஒரு நாளும் ஒன்பதுக்குத் தொடங்கியதில்லை. பாதிப் பேர் அந்தக் கரையிலிருந்து நடந்து பாலம் தாண்டி வருகிறவர்கள். விடிவதற்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். சில நாள் வரிசை நகரும், சில நாள் நகராது. அதனால் நான் தாமதப் படிவம் நிரப்புவேன். காரணம் என்ற கட்டத்தில் ஒன்பது வருடமாக ஒரே வாக்கியம்: பாலத்தில் கூட்டம். போன வருடம் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, வேறு காரணமே இல்லையா என்று கேட்டார். பாலத்தை நகர்த்திவிட்டால் வேறு காரணம் எழுதுகிறேன் என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டு போனார்.

மார்த்தா அப்படி வருகிறவள்தான். நாற்பது வயது. அந்தக் கரையில் கார் சீட்டு உறை தைக்கும் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். சான்றிதழ் கிடைத்தால் தரம் பார்க்கும் பிரிவுக்கு மாறலாம் என்று வருகிறாள். எல்லோரும் என்னை 'மாயெஸ்த்ரா' என்கிறார்கள். டீச்சர் என்று அர்த்தம். முதல் தடவை எனக்கு 'மேஸ்திரி' என்றுதான் காதில் விழுந்தது. வாழ்நாளெல்லாம் மேஸ்திரிக்குப் பயந்த மனிதரின் மகளை மேஸ்திரி என்று கூப்பிடுகிறார்கள் என்று அன்றைக்குப் பூராவும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தோல் தைக்கும்போது நூலின் இழுவிசை முக்கியம். டென்ஷன் என்போம். கூடிப்போனால் தோல் சுருங்கும், குறைந்தால் தையல் தொங்கும். ஆரம்ப நாட்களில் ஒரு முறை, மார்த்தாவின் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தபோது, பதற்றத்தில் என்னையறியாமல் "கம்மி! கம்மி பண்ணு!" என்று கத்திவிட்டேன். வகுப்பே என்னைப் பார்த்தது. பிறகு ஒரே சிரிப்பு. ஸ்பானிஷில் 'கொமீ' என்றால் 'நான் சாப்பிட்டேன்'. நூல் அறுந்துகொண்டிருக்கும்போது டீச்சர் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று கத்தியிருக்கிறார்.

அன்றிலிருந்து என் வகுப்பில் டென்ஷன் குறைப்பதற்கு கம்மி, கூட்டுவதற்கு ஜாஸ்தி. ஆம்பூர் பஜாரில் உருது பேசுகிறவர்கள் கொடுத்த சொற்கள் மெக்சிகோக்காரர்கள் வாயில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மீனா பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளி விட்டதும் என் மாலை வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். எனக்கு ஸ்பானிஷ் தடுக்கும்போது தலை தூக்காமலே மொழிபெயர்த்துச் சொல்வாள். அவள் சேர விரும்புவது மொழிபெயர்ப்பாளர் படிப்பு, ஆஸ்பத்திரிகளுக்கானது. அவள் அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், காத்திருக்கும் இடத்தில் ஒரு மனிதர் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே இருந்தாராம், ஒரு வார்த்தையும் புரியாமல். அந்தப் படிப்பு இந்தக் கல்லூரியில் இருக்கிறது. அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் இல்லை.

ஊருக்கெல்லாம் மொழிபெயர்க்கப் போகிறவள், என்னோடு பேசும்போது மட்டும் பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறாள். ஸ்பானிஷில் பெரியவர்களுக்கு மரியாதைச் சொல் ஒன்றுகூடத் தவறாது. தமிழில் செல்வம் மாமாவும் "நீ"தான், பாதிரியாரும் "நீ"தான்.

4

தோல் தைக்க நான் கற்றதும் ஒரு கம்யூனிட்டி காலேஜில்தான். போர்டில் சமுதாயக் கல்லூரி என்று எழுதியிருந்தது. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தேவாலய வளாகத்தின் மாடி, பத்து மிஷின், இரண்டு மின்விசிறி. என்னோடு படித்தவர்களில் ஷபானா உருது, பத்மா தெலுங்கு. பத்மா ஆந்திராவில் குப்பத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவாள், அவளோடு இன்னும் ஐந்தாறு பெண்கள். ரயில் எப்போதும் தாமதம். அதனால் ரயில் வந்த பிறகுதான் வகுப்பு. ஜன்னலில் நின்று சத்தம் கேட்கிறதா என்று பார்ப்போம். செல்வம் அப்போது பாலிடெக்னிக்கில் இருந்தான். "உங்க காலேஜுக்கு பிரின்சிபால் யாரு, ஸ்டேஷன் மாஸ்டரா?" என்று கிண்டல் செய்வான்.

டென்ஷனைக் குறைப்பதற்கு பத்மா முதலில் 'தக்குவ' என்றாள், நான் 'கொறைவா' என்றேன், ஷபானா 'கம்மி' என்றாள். ஒரு மாதத்தில் எல்லோரும் கம்மி. மூன்று மொழிக்காரர்களும் அந்த மாடியில் ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் சாப்பிட்டோம். என் தெருவில் அது நடக்காது, ஷபானா தெருவிலும் நடக்காது. எல்லையோர ஊர்களில் இப்படி ஒரு கல்லூரி என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: ரயிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பினால் பத்மா இன்றைக்குக் குப்பத்திலேயே மிஷின் போட்டு ஆட்களுக்கு வேலை கொடுக்கிறாள். பெங்களூருக்கு ரயில் ஏறிப் போகவில்லை.

அப்படியெல்லாம் பெருமை பேசுகிறவள் கல்யாணத்தின்போது வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாவிட்டால் கௌரவம் இல்லை. மாப்பிள்ளை காட்பாடி, நர்சிங் பட்டம். தையல் காலேஜ் என்று போட முடியுமா? அச்சாகி வந்த பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் டி.சி.ஏ. என்று இருந்தது. கம்ப்யூட்டர் படிப்பு. அதுவரை நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

5

மீனா பதில் சொல்ல வேண்டிய அந்த வாரம் எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். காரை எடுத்துக்கொண்டு பாலம் வரை போய்த் திரும்பி வந்தேன், எதற்கென்று தெரியாமல். "இன்னாம்மா, உனுக்கு இன்னாதான் பிரச்னை? அவ படிக்கப் போறா, நீ இல்ல," என்றார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, அவருடைய படிப்பு பத்திரிகையில் உண்மையாக அச்சானது.

புதன்கிழமை மதிய இடைவேளை. வகுப்பறைக் கணினியில் உட்கார்ந்தேன். மீனாவின் கணக்குக்குக் கடவுச்சொல் எனக்குத் தெரியும், விண்ணப்பம் போட்ட காலத்தில் நான்தான் உருவாக்கிக் கொடுத்தேன். உள்ளே போனேன். இரண்டு பொத்தான்கள். ஏற்கிறேன், ஏற்கவில்லை. பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

ஏற்கிறேன் என்பதை அழுத்தினேன். திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் பொழிந்தன, வாழ்த்துகள் என்று வந்தது.

இடைவேளை முடிந்து மிஷின்கள் ஓடத் தொடங்கியபோது மீனா வாசலில் நின்றாள். அந்த வாரம் பள்ளி விடுமுறை. கல்லூரி நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவள் போனில் வந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"அம்மா, நீ பண்ணியா?"

"இன்னாது?"

போனை நீட்டினாள். அதிலும் வண்ணக் காகிதம்.

"வெளிய போய்ப் பேசலாம் மீனா."

"இல்ல. இங்கயே சொல்லு. ஏன்?"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தமிழ் யாருக்கும் புரியாது, ஆனால் அம்மாவும் மகளும் போடும் சண்டைக்கு மொழி எதற்கு.

"ஊர்ல கேக்கறாங்கடி. நான் இன்னா சொல்றது? அவ்ளோ பெரிய எடத்துல சீட்டு கெட்ச்சும் போவலன்னா..."

"நீ இங்க படிச்ச. நீ இங்க டீச் பண்ற. உனக்கு ஓகே. எனக்கு மட்டும் கம்மியா?"

அந்தச் சொல்லை நான் வீட்டில் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. இதே அறையில், டென்ஷன் நட்டைத் திருப்பும் கைகளைப் பார்த்துக் கற்றவள்.

மார்த்தா தலையைத் தூக்கினாள். அவளுக்குப் புரிந்தது அந்த ஒரே சொல். மிஷின் ஓடாத நேரத்தில் அதை டென்ஷன் என்று எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை போலும், 'கொமீ' என்றே காதில் விழுந்திருக்கிறது. ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் தன் பையிலிருந்து அலுமினியத் தாளில் சுற்றிய ரொட்டியை எடுத்து, பாதியைப் பிய்த்து என் மிஷின் மேல் வைத்தாள்.

மீனா அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் பழக்கம் விடுமா? மூக்கை உறிஞ்சிக்கொண்டே தமிழில் சொன்னாள்.

"சாப்ட்டீங்களான்னு கேக்கறாங்க."

சாப்ட்டீங்களா. கேக்கறாங்க. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அவள் வாயிலிருந்து தமிழில் மரியாதை வந்தது, அதுவும் மார்த்தாவின் ஸ்பானிஷிலிருந்து நேராக, ஆங்கிலத்தில் ஒரு காலைக்கூட வைக்காமல்.

"சாப்ட்டேன்னு சொல்லு," என்றேன். "இங்கதான் சாப்ட்டேன்னு சொல்லு. இத்தினி வருஷமா இங்கதான் சாப்ட்டுகினு இருக்கறேன்னு சொல்லு."

மீனா என்னைப் பார்த்தாள். பிறகு மார்த்தாவின் பக்கம் திரும்பி அதைச் சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் மார்த்தா தலையை ஆட்டி, நாங்களும்தான் என்றாள். அது எனக்கே புரிந்தது.

ஏற்றதைத் திரும்பப் பெற ஒரு படிவம். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: குடும்பச் சூழல், உடல்நலம், வேறு கல்லூரி, மற்றவை. மீனா மற்றவையை அழுத்தி, "என் அம்மா தவறுதலாக அழுத்திவிட்டார்" என்று எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் 'தவறுதலாக'வை அவள் எனக்காகப் போட்டாள்.

"சாரிடி," என்றேன்.

"ம்," என்றாள். அந்த வாரம் முழுக்க 'ம்' மட்டும்தான்.

6

நிம்மதி வந்துவிட்டது என்று எழுத ஆசை. வரவில்லை. நாளைக்கு அவளே, ஏனம்மா அன்றைக்கு என்னைத் தடுக்கவில்லை என்று கேட்டால்? கேட்பாளோ மாட்டாளோ, நான் இப்போதே பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். என் சுபாவம் அப்படி.

அடுத்த ஞாயிறு செல்வம் விடவில்லை.

"எந்த கம்யூனிட்டின்னு கேட்டனே, நீ சொல்லவே இல்லியேக்கா?"

"நம்ம கம்யூனிட்டிதான்டா."

"அங்க நம்மாளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. விடிகாலைல எழுந்து, பாலத்துல லைன்ல நின்னு, தூங்கி வழிஞ்சிகினே வர்றாங்க. டெய்லி லேட்டு."

"குப்பம் பாசஞ்சர் மாதிரியா?"

"அதே மாதிரி."

"லேட்டானா கிளாஸு?"

"காத்துகினு நிக்கும்."

"அப்ப பிரின்சிபாலு பாலத்துல நிக்கற ஆபீசருன்னு சொல்லு," என்றான். இந்த முறை அவன்தான் முதலில் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "செல்வம், ஒண்ணு சொல்லணும். என் கல்யாணப் பத்திரிகைல டி.சி.ஏ.ன்னு போட்டிருந்துச்சில்ல, அது பொய்யிடா."

"தெரியும்க்கா."

"எப்பிடி?"

"பிரஸ்ல எழுதிக் குடுத்ததே நான்தானே." தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அங்க இருந்தவன், பொண்ணு இன்னா படிச்சிருக்குதுன்னு கேட்டான். கம்யூனிட்டி காலேஜுன்னேன். எந்த கம்யூனிட்டின்னு கேட்டான். கடை நெறைய ஆளு. எனுக்கு வாய் வரல. பக்கத்துல கெடந்த பத்திரிகைல டி.சி.ஏ.ன்னு இருந்துச்சி, அதையே எழுதிட்டேன்."

இத்தனை வருடமும் இது அவனுக்குள் கிடந்திருக்கிறது. மீனா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, என்ன பத்திரிகை, யாருக்குக் கல்யாணம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உனுக்குத்தான் பாப்பா, என்னைக்காவது," என்றான் செல்வம். கையைக் கழுவிக்கொண்டு வந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தான். "உன் பத்திரிகைல கம்யூனிட்டி காலேஜுன்னே போட்டுடலாம். எந்த கம்யூனிட்டின்னு எவனாவது கேக்கட்டும், இந்த தபா நான் பதில் சொல்றேன்."